630 போட்டோ, 630 பேரு: பில்லோ லைப்ரரியில தமிழ் எழுத்துக்கு அவுட்லைன் போட்டுப் பார்த்தேன்

எங்க சித்தப்பா ஸ்டுடியோவுக்கு வருசா வருசம் ஸ்கூல் ஆண்டு விழா வேலை வரும். மேடையில பரிசு வாங்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போட்டோ, அதுல கீழ்ப்பக்கம் பிள்ளை பேரும் வகுப்பும் போட்டு 6க்கு 4 பிரிண்ட் குடுக்கணும். இந்த வருசம் மொத்தம் 630 போட்டோ. கேக்க சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனா ஒரு போட்டோல பிள்ளை வெள்ளைச் சட்டை யூனிபார்ம்ல நிக்கும், அடுத்ததுல மஞ்சப் பட்டுப் பாவாடை, அதுக்கடுத்ததுல பின்னாடி கருப்புத் திரை, சிலதுல ஃபோகஸ் லைட் நேரா அடிச்சு கீழ்ப்பக்கம் பூரா வெளுத்துப் போயிருக்கும். வெள்ளை எழுத்து போட்டா சட்டையில கரைஞ்சிரும், கருப்பு போட்டா திரையில காணாமப் போயிரும். அதனால ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் காலங்காலமா பண்றது, வெள்ளை எழுத்து, சுத்தி கருப்பு பார்டர். எந்த பேக்ரவுண்டுல வச்சாலும் படிக்க வரும்.

முன்னாடியெல்லாம் போட்டோஷாப்ல ஒவ்வொண்ணா திறந்து பேரை பேஸ்ட் பண்ணி லேயர் ஸ்டைல்ல ஸ்ட்ரோக் குடுப்போம், ரெண்டு ராத்திரி போயிரும். போன வருசம் நேரம் இல்லன்னு எக்ஸெல் ஷீட்டும் போட்டோவும் ஏத்தினா பேரு போட்டுத் தர்ற ஒரு ஆன்லைன் சர்வீஸ்ல காசு கட்டினோம். பேரெல்லாம் உடைஞ்சு வந்துச்சு. கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி நிக்குது, முத்துங்கிற பேர்ல உகரம் தனியா தொங்குது. ராத்திரி 11 மணிக்கு அவசரத்துல யாரும் ஒழுங்கா பாக்கல, பிரிண்ட் போட்டுக் குடுத்தாச்சு. மறுநாள் ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கிட்டு கடைக்கு வந்தாங்க. போட்டோவை டேபிள்ல வச்சு பேரு மேல விரல் வச்சு, "தம்பி, இது எங்க பிள்ளை பேரு இல்லியே"ன்னாங்க. கோவப்படக் கூட இல்ல. கௌசல்யாங்கிற பேரு, க முதல்ல நின்னு, கொம்பு அடுத்து வந்து, ஏதோ வேற பாஷை மாதிரி இருந்துச்சு. அந்தப் பிள்ளை வாழ்க்கையில மேடை ஏறி வாங்கின முதல் பரிசு அது. நாற்பத்தி சொச்சம் பிரிண்ட் திரும்பப் போட்டுக் குடுத்தோம், காசு போனது பெருசில்ல, அந்த விரல் இன்னும் மனசுல நிக்குது.

அதனால இந்த வருசம் நானே கோடு எழுதி பண்ணிரலாம்னு இறங்கினேன். பைத்தான்ல படத்தைத் திறக்க, வெட்ட, மேல எழுத, சேவ் பண்ண எல்லாத்துக்கும் எல்லாரும் எடுக்கிறது பில்லோங்கிற லைப்ரரி, அதாவது நம்ம கோடுல அப்படியே எடுத்துப் பயன்படுத்துற ரெடிமேட் கோடுத் தொகுப்பு. பழைய லைப்ரரிதான், 1995ல பிரெட்ரிக் லுண்ட் ஆரம்பிச்ச பிஐஎல்ங்கிறதோட வாரிசு, பிஐஎல் 2009க்கு அப்புறம் நின்னுபோக 2010ல அலெக்ஸ் கிளார்க் ஃபோர்க் பண்ணி, அதாவது அந்தக் கோடைப் பிரிச்செடுத்துத் தனியா வளர்த்து, பில்லோன்னு பேரு வச்சாரு. முழுக்க இலவசம், மூணு மாசத்துக்கு ஒரு புது வெர்ஷன் வந்துக்கிட்டே இருக்கு.

எழுத்துக்கு பார்டர் போடுற வசதி பில்லோல ஆரம்பத்துல கிடையாது. 2019 அக்டோபர்ல வந்த 6.2.0லதான் ஸ்ட்ரோக் விட்த் (பார்டர் தடிமன்), ஸ்ட்ரோக் ஃபில் (பார்டர் கலர்)னு ரெண்டு ஆர்க்யுமென்ட், அதாவது நாம குடுக்குற செட்டிங், சேத்தாங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் பண்ணின வழி, அதே எழுத்தைக் கருப்புல எட்டுத் திசையிலயும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி எட்டு தடவை எழுதி, கடைசியா நடுவுல வெள்ளையில ஒரு தடவை எழுதுறது. இன்னமும் தேடினா முதல்ல கிடைக்கிற பதில் இதுதான். நானும் பண்ணிப் பார்த்தேன். ரெண்டு பிக்சல் பார்டருக்கு நல்லாத்தான் இருக்கு. பிரிண்டுக்குன்னு பெரிய சைஸ்ல எட்டு பத்து பிக்சல் போட்டீங்கன்னா எட்டு காப்பியும் தனித்தனியா வெளிய தெரிய ஆரம்பிச்சிரும், முனையெல்லாம் படிக்கட்டு மாதிரி, மெய்யெழுத்துப் புள்ளியைச் சுத்தி வட்டமா இருக்க வேண்டிய பார்டர் எட்டு இதழ் பூ மாதிரி ஆயிருது. நமக்கு புள்ளி ரொம்ப முக்கியம், அதனால அந்த வழியை அங்கயே விட்டேன்.

ஸ்ட்ரோக் விட்த் அப்படி இல்ல. உள்ள ஃப்ரீடைப்ங்கிற ஃபான்ட் வரையுற லைப்ரரியோட ஸ்ட்ரோக்கர் இருக்கு, அது எழுத்தோட வளைகோட்டையே எடுத்து அதைச் சுத்தி நிஜமான தடிமன் குடுக்குது, முனையெல்லாம் உருண்டையா வருது. நீங்க 5ன்னு குடுத்தா எழுத்துக்கு வெளிய ஒவ்வொரு பக்கமும் 5 பிக்சல். இந்த முனை விசயத்துல எனக்கு ரொம்ப திருப்தி. பிரவுசர்ல படம் வரையுற கேன்வாஸ்ல ஸ்ட்ரோக் டெக்ஸ்ட் போட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும், அதுல லைன் ஜாயின், அதாவது கோடு சேர்ற மூலை எப்படி இருக்கணும்னு, ஒண்ணும் சொல்லாம விட்டா மைட்டர்தான், கூரான மூலை வர்ற இடத்துல எல்லாம் முள்ளு மாதிரி ஒரு நீட்டம் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், ரவுண்டுன்னு நாமளா மாத்தணும். பில்லோல உருண்டை முனை மட்டும்தான், வேற சாய்ஸே இல்ல. இங்கிலீஷ்ல கட்டம் கட்டமா ஸ்டைல் பண்றவங்களுக்கு இது குறையா இருக்கலாம், நம்ம எழுத்து பூரா வளைவுதானே, உருண்டை பார்டர் அதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி உக்காருது.

இப்ப இந்த ரிவ்யூவே எழுதக் காரணமான விசயத்துக்கு வர்றேன். பில்லோ முதல்ல முழு வரிக்கும் பார்டரை வரையுது, அது முடிஞ்சப்புறம் அதுக்கு மேல முழு வரிக்கும் ஒரிஜினல் தடிமன்ல எழுத்தை வரையுது. இந்த வரிசை எவ்வளவு பெரிய விசயம்னு இமேஜ்மேஜிக்ங்கிற இன்னொரு பட எடிட்டிங் டூல்ல பண்ணிப் பார்த்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது. இமேஜ்மேஜிக்ல நேரா ஸ்ட்ரோக் குடுத்தா எழுத்தை முதல்ல நிரப்பிட்டு பார்டரை அதுக்கு மேல போடும், அதுவும் எழுத்தோட விளிம்புக்கு நடுவுல, பாதி வெளிய பாதி உள்ள. அதாவது 12 தடிமன் குடுத்தா 6 பிக்சல் எழுத்துக்குள்ள போய் வெள்ளையைத் தின்னுரும். கண்ணன்னு ஒரு பையன் பேரு. அதுல ரெண்டு புள்ளி, ண் மேல ஒண்ணு, ன் மேல ஒண்ணு. நான் எடுத்த ஃபான்ட்ல புள்ளி மொத்தமே 12 பிக்சல் அகலம். ரெண்டு பக்கமும் ஆறு ஆறு தின்னா என்ன மிஞ்சும்? ஒண்ணும் இல்ல, வெள்ளைப் புள்ளி இருந்த இடத்துல ஒரு கருப்பு உருண்டை. தூரத்துல பாத்தா கணணன. ஸ்க்ரீன்ல 400 பர்சென்ட் ஜூம் பண்ணி அதைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். இமேஜ்மேஜிக்லயும் சரி பண்ண வழி இருக்கு, பார்டரோட ஒரு தடவை எழுதிட்டு, அப்புறம் ஸ்ட்ரோக் இல்லாம அதே இடத்துல இன்னொரு தடவை எழுதணும். வெப் பக்கத்துக்கு ஸ்டைல் குடுக்குற சிஎஸ்எஸ்ல வர்ற டெக்ஸ்ட் ஸ்ட்ரோக்லயும் இதே தொல்லைதான், அங்க பெயின்ட் ஆர்டர்ல ஸ்ட்ரோக்கை முதல்ல போடச் சொல்லணும். பில்லோல இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம், அதே கண்ணன், அதே ஃபான்ட், புள்ளி ரெண்டும் முழுசா வெள்ளையா பளிச்சுன்னு நிக்குது. முழு வரிக்கும் பார்டர் முதல்லயே முடிஞ்சிர்றதால அடுத்த எழுத்தோட பார்டர் முந்தின எழுத்து மேல ஏறுற பிரச்சனையும் இல்ல. துணைக்கால் ஒட்டி ஒட்டி வர்ற ராஜா, பாலா மாதிரி பேர்ல இது நல்லாவே தெரியும்.

ஓபன்சிவிங்கிற இன்னொரு பட லைப்ரரியும் கையில இருக்கேன்னு யோசிக்கிறவங்களுக்கு, அதுல எழுத்து போடுற புட் டெக்ஸ்ட் ஃபங்ஷன்ல இருக்கிறது ஹெர்ஷிங்கிற கோட்டு ஃபான்ட்தான், தமிழ் குடுத்தா வரிசையா கேள்விக்குறிதான் வரும். அவ்வளவுதான் அதைப் பத்தி.

சரி, பில்லோ போட்ட உடனே எல்லாம் சுபமான்னா இல்ல. முதல் டெஸ்ட்ல எனக்கும் கௌசல்யா உடைஞ்சுதான் வந்துச்சு, போன வருசம் வந்த அதே உடைசல், வயித்தைக் கலக்கிருச்சு. காரணம் இதுதான். தமிழ் எழுத்தை யூனிகோட்ல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற முறையில, வச்சிருக்கிற வரிசை வேற, கண்ணுக்குத் தெரியுற வரிசை வேற. கெ ன்னா உள்ள க முதல்ல, கொம்பு அடுத்து. வரையும்போது யாராவது கொம்பைத் தூக்கி முன்னாடி வைக்கணும், கொ ன்னா ஒரே குறியை ரெண்டாப் பிரிச்சு எழுத்தோட ரெண்டு பக்கமும் வைக்கணும், மு, து, ளு மாதிரி வர்றதுக்கு சேந்த வடிவத்தை ஃபான்ட்ல இருந்து தேடி எடுக்கணும். இந்த வேலையைச் செய்யறது ஹார்ஃப்பஸ்ங்கிற லைப்ரரி. பில்லோ அதை நேரா கூப்பிடாது, நடுவுல ராக்ம்னு ஒரு சின்ன லைப்ரரி இருக்கு, அது வழியாக் கூப்பிடும். ராக்ம்ங்கிறது அரபிச் சொல், எழுத்துன்னும் அர்த்தம் வரும், எண்ணுன்னும் வரும். 2017ல வந்த 4.2.0லயே பில்லோல ராக்ம் சப்போர்ட் வந்தாச்சு, 2021ல வந்த 8.2.0ல இருந்து பிப் (பைத்தானோட இன்ஸ்டால் டூல்) வழியா இன்ஸ்டால் பண்ற பாக்கெட்டுக்குள்ளயே ராக்மும் சேந்து வருது. ஆனா ராக்ம் வேலை செய்ய ஃப்ரிபிடின்னு இன்னொரு லைப்ரரி வேணும், அது மட்டும் உள்ள வராது, நம்ம சிஸ்டத்துல இருக்கணும். லினக்ஸ்ல பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். விண்டோஸ்ல இருக்காது, ஃப்ரிபிடி டிஎல்எல் ஃபைலைத் தேடி எடுத்து பைத்தான் இருக்கிற ஃபோல்டர்ல போடணும். ஸ்டுடியோ கம்ப்யூட்டர் விண்டோஸ், அதான் உடைஞ்சு வந்துச்சு.

இதுல எனக்கு நிஜமாவே வருத்தம் என்னன்னா, ராக்ம் இல்லன்னா பில்லோ ஒரு வார்த்தை சொல்லாது. எழுத்தை அடுக்குற லேஅவுட் எஞ்சின் எதுன்னு நாம குறிப்பிடாம விட்டா, ராக்ம் இருந்தா அதை எடுத்துக்கும், இல்லன்னா சத்தமே இல்லாம பேசிக் லேஅவுட்டுக்குப் போயிரும், எழுத்தை எழுத்தா வரிசையா அடுக்கிட்டு வேலை முடிஞ்சுதுன்னு வந்திரும். இங்கிலீஷ் எழுதுறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. தமிழுக்கு அது தப்பான பேரு. எரர் வந்து நின்னிருந்தாக் கூட பரவால்ல, தப்பா எழுதிட்டு சரின்னு போறதுதான் ஆபத்து. தமிழ் தெரியாதவங்க செஞ்ச சர்வீஸ் எல்லாம் இப்படித்தான் மாட்டிக்குதுன்னு நினைக்கிறேன், அவங்க கண்ணுக்கு அது அழகான தமிழ்தான்.

இதுக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சேன், இதை மட்டுமாவது எடுத்துக்கோங்க. எழுதச் சொல்ற இடத்துல லாங்குவேஜ்னு ஒரு ஆர்க்யுமென்ட் இருக்கு, அதுல தமிழுக்கான டிஏ கோடைக் குடுத்திருங்க. ராக்ம் இருந்தா எப்பவும் போல எழுதும். இல்லன்னா இந்த வசதி ராக்ம் இல்லாம முடியாதுன்னு எரர் அடிச்சு அங்கயே நின்னுரும். ஃபீச்சர்ஸ் மாட்யூல்ல ராக்ம் இருக்கான்னு செக் பண்ற வழியும் இருக்கு, ரெண்டையும் வச்சுக்கிட்டேன். சித்தப்பா பையன் வேற கம்ப்யூட்டர்ல ஓட்டினப்ப அந்த எரர்தான் காப்பாத்துச்சு, "அண்ணே, சிகப்பா என்னமோ வருது"ன்னு போன் பண்ணான், டிஎல்எல் ஃபைலைப் போடுடான்னு சொன்னேன், சரியாப் போச்சு.

பார்டர் எவ்வளவு தடிமன் வைக்கிறதுங்கிறதுக்கு நிறைய பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். 6க்கு 4 பிரிண்டை 300 டிபிஐல எடுத்தா 1800க்கு 1200 பிக்சல். அதுல பேருக்கு 90 சைஸ் ஃபான்ட், பார்டர் 5 இல்ல 6. ஃபான்ட் சைஸை 16ஆல வகுத்தா வர்ற நம்பர்னு வச்சுக்கோங்க, இது என் கண்ணுக்குப் பிடிச்ச கணக்கு. 10க்கு மேல போனா வெள்ளை எழுத்து அப்படியேதான் இருக்கும், ஆனா சுழி உள்ள எழுத்துங்க, ண, ஞ, ஐ, இந்த மாதிரி எழுத்தோட உள் ஓட்டை எல்லாம் கருப்பா அடைஞ்சு, பக்கத்து எழுத்து பார்டரோட ஒட்டி, பேருக்குப் பின்னாடி ஒரு கருப்புப் பட்டை மாதிரி ஆயிருது. ஞானசுந்தரின்னு ஒரு பிள்ளை, அந்த ஞா பக்கம் மட்டும் இருட்டா இருந்துச்சு. 6க்கு இறக்கினதும் சுழியெல்லாம் மூச்சு விட்டுது.

ஃபான்ட்ல பலூ தம்பிதான் என் தேர்வு. எழுத்து தடியா, உருண்டையா இருக்கும், பார்டர் போட்டா இன்னும் எடுப்பா இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல்டும் நல்லாத்தான் இருக்கு, வகுப்பு வரிக்கு அதை வச்சேன். மெல்லிசான ஃபான்ட் எது எடுத்தாலும் பார்டர் எழுத்தை அமுக்கிரும், கண்ணு கருப்பைத்தான் முதல்ல பாக்கும்.

அளவெடுக்கிற இடத்துல ஒரு கவனம் வேணும். டெக்ஸ்ட் பிபாக்ஸ்னு ஒரு ஃபங்ஷன் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும்னு சொல்லும், அதுக்கும் ஸ்ட்ரோக் விட்த் குடுக்கணும், இல்லன்னா பார்டரைக் கணக்குல சேக்காது, ஓரத்துல வெட்டுப்படும். டெக்ஸ்ட் லென்த்ல ஸ்ட்ரோக் குடுக்கவே இடம் இல்ல, அதனால பேரு ஃபிரேமுக்குள்ள அடங்குதான்னு பாக்க பிபாக்ஸையே எடுத்தேன், அடங்கலன்னா சைஸை ரெண்டு ரெண்டாக் குறைச்சு திரும்ப அளக்குற மாதிரி லூப். முத்துக்கிருஷ்ணவேணிக்கு 64ல போய் நின்னுச்சு. பழைய டுடோரியல் பாத்து டெக்ஸ்ட் சைஸ்னு எழுதினீங்கன்னா எரர்தான் வரும், அதை 2023ல வந்த 10.0.0ல தூக்கிட்டாங்க. இன்னும் பாதி டுடோரியல்ல அதுதான் இருக்கு, புதுசா கத்துக்கிறவங்க இங்கதான் மனசு விட்டுப் போறாங்க.

கொஞ்சம் ட்ரான்ஸ்பரன்டா பார்டர் வேணும்னு ஆசைப்பட்டா பில்லோ கஷ்டப்படுத்தும். ஆர்ஜிபிஏ, அதாவது ட்ரான்ஸ்பரன்சியும் உள்ள படத்துல பாதி ட்ரான்ஸ்பரன்ட் கலர் குடுத்து எழுதினா கீழ இருக்கிற போட்டோவோட கலக்காது, அந்த இடத்துப் பிக்சலையே மாத்தி எழுதிரும், ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். தனி லேயர்ல எழுதி அப்புறம் ஆல்ஃபா காம்போசிட் பண்ணி போட்டோவோட கலக்கணும். நிழல் மாதிரி மெத்துன்னு பார்டர் வேணும்னாலும் அதே கதைதான், தனி லேயர்ல எழுதி காசியன் ப்ளர் அடிச்சு மங்கலாக்கி கீழ வைக்கணும். ரெட்டை பார்டர் மட்டும் சுலபம், பெரிய தடிமன்ல மஞ்சள் ஒரு தடவை, அதுக்கு மேல சின்ன தடிமன்ல கருப்பு ஒரு தடவை. முதல் பரிசு வாங்கின பிள்ளைங்களுக்கு மட்டும் அப்படிப் போட்டேன், டீச்சருங்க ரொம்ப சந்தோசப்பட்டாங்க.

சேவ் பண்ணும்போது ஜேபெக் குவாலிட்டி ஒண்ணும் சொல்லாம விட்டா 75தான், எழுத்து ஓரத்துல கொசு மொய்க்கிற மாதிரி புள்ளி புள்ளியா வரும். 95 வச்சு, சப்சாம்ப்ளிங்கை (கலர் விவரத்தைக் குறைச்சு சேவ் பண்றதை) 0 ஆக்கிட்டேன், குறிப்பா அந்த மஞ்சள் பார்டர் அப்பத்தான் ஒழுகாம நிக்குது. போன்ல எடுத்த போட்டோ ஏதாவது கலந்திருந்தா, திறந்த உடனே எக்சிஃப் ட்ரான்ஸ்போஸ் பண்ணி நேராத் திருப்பிருங்க, இல்லன்னா பேரு நிக்கும், பிள்ளை படுத்திருக்கும்.

இதுல பில்லோ சம்பந்தமே இல்லாத ஒரு வேலை இருந்துச்சு, ஆனா அதுலதான் அதிக நேரம் போச்சு. ஸ்கூல் ஆபீஸ்ல குடுத்த பேர்ப்பட்டியல்ல பாதி பாமினிங்கிற, யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்ல இருந்துச்சு, அதை யூனிகோடுக்கு மாத்தணும். யூனிகோட்ல இருந்த பாதியில கௌ எழுத்தை சிலர் ஒழுங்கா அடிச்சிருக்காங்க, சிலர் கெ அடிச்சு பக்கத்துல ள எழுத்தை அடிச்சிருக்காங்க. ஸ்க்ரீன்ல பாக்க ரெண்டும் ஒண்ணுதான், பிரிண்ட்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பேரை வச்சு போட்டோ ஃபைலைத் தேடினா கிடைக்காது. கெளசல்யா, கௌசல்யா, ரெண்டு வேற வேற பிள்ளைன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். அதைத் தேடித் தேடி கையால திருத்தினேன்.

எல்லாம் சரியானப்புறம் 630 போட்டோவும் ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுது. அப்புறமும் நானும் சித்தியும் உக்காந்து ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படிச்சு பட்டியலோட டிக் அடிச்சோம், அதை எந்த லைப்ரரியும் நமக்காகப் பண்ணாது. 5க்கு நாலரை குடுப்பேன். அரை மார்க் குறைச்சது அந்த சத்தமில்லாத பேசிக் லேஅவுட்டுக்கு. பார்டர் வேலைக்கு முழு மார்க்.

நீங்க விண்டோஸ்ல ஆரம்பிக்கிறீங்கன்னா முழு பேட்சையும் ஓட்டுறதுக்கு முன்னாடி மூணே மூணு பேரை எழுதிப் பாருங்க. கௌசல்யா, பொன்முத்து, கண்ணன். முதல் பேர்ல கொம்பு க வுக்கு முன்னாடி இருக்கான்னு பாருங்க, ரெண்டாவதுல பொ ரெண்டு பக்கமும் சரியா அணைச்சிருக்கா, முவும் துவும் சேந்து வந்திருக்கான்னு பாருங்க, மூணாவதுல நல்லா ஜூம் பண்ணி ரெண்டு புள்ளியும் வெள்ளையா இருக்கான்னு பாருங்க. மூணும் சரியா இருந்தா தைரியமா என்டர் தட்டலாம்.